"பிளேட்லெட் நார்மல்தானே... அப்புறம் ஏன் ரத்தம் நிக்கல?" - 100 ஆண்டுகளுக்கு முன் ஒரு டாக்டர் கேட்ட கேள்வி!

மழைக்காலம் வந்துவிட்டால் எங்கள் டிஜிட்டல் டெஸ்க்கில் அதிகம் புழங்கும் சொல் 'பிளேட்லெட்'. டெங்கு செய்திகள் வரிசைகட்டி நிற்கும். 'பிளேட்லெட் எவ்வளவு இருந்தால் நார்மல்?', 'பப்பாளி இலைச்சாறு குடித்தால் ஏறுமா?', 'எவ்வளவுக்குக் கீழே போனால் ஆபத்து?' என்று வாசகர்கள் கேட்டுக்கொண்டே இருப்பார்கள். ஒரு மைக்ரோ லிட்டர் ரத்தத்தில் ஒன்றரை லட்சத்திலிருந்து நாலரை லட்சம் வரை இருந்தால் நார்மல். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லிவிடுவேன். அத்தனை முறை அந்த வரியை டைப் செய்திருக்கிறேன்.

அந்த எண்ணுக்குப் பின்னால் இன்னொரு கதை இருக்கிறது என்று எனக்குச் சொன்னது, என் சித்தி மகளின் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட். பிளேட்லெட் 2,60,000. துல்லியமான நார்மல். ஆனால், அவளுக்கு ரத்தம் நிற்கவில்லை.

"என் பேரு மட்டும் போடாதக்கா. மத்ததெல்லாம் எழுது. யாருக்காவது யூஸ் ஆகும்" என்று அவள் சொன்னதால்தான் இதை எழுதுகிறேன். எனவே, இந்தக் கட்டுரையில் அவள் வெறும் 'தங்கச்சி'.

தென்காசி பக்கம் எங்கள் ஊர். தங்கச்சி வயசுக்கு வந்தபோது ஏழாவது படித்துக்கொண்டிருந்தாள். உளுந்தங்களி, நல்லெண்ணெய், முட்டை என்று ஆச்சி ஊட்டி ஊட்டி வளர்த்தாள். சடங்கு விமரிசையாக நடந்தது. அடுத்த மாதத்திலிருந்து ஒவ்வொரு பீரியட்ஸும் பத்து நாள், பன்னிரண்டு நாள் நீடித்தது. ஒரு மணி நேரத்துக்கு ஒரு நாப்கின். ஸ்கூல் யூனிஃபார்முக்குப் பயந்து மாதத்தில் ஒரு வாரம் லீவ். "வயசுக்கு வந்த புதுசுல அப்படித்தான் இருக்கும். போகப்போக சரியாகிடும்" என்றார் முதலில் பார்த்த டாக்டர். இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தார். இன்னொருவர், "பரீட்சை டென்ஷன்" என்றார். இன்னொரு கிளினிக்கில், "கல்யாணம் ஆனா எல்லாம் சரியாகிடும்மா" என்றார்கள். அவளுக்கு அப்போது வயது 15!

பிளஸ் ஒன் படிக்கும்போது பிரேயரில் மயங்கி விழுந்தாள். ஹீமோகுளோபின் 6.8. அரசு மருத்துவமனையில் சேர்த்து ரத்தம் ஏற்றினார்கள். ஸ்கேன் நார்மல். தைராய்டு நார்மல். பிளேட்லெட்டும் நார்மல். "எல்லாம் நார்மல்னா எம்புள்ள ஏன் இப்படிக் கிடக்கா?" என்று சித்தி அழுதாள்.

அந்த வார்டுக்கு ரவுண்ட்ஸ் வந்த ஒரு பெண் டாக்டர், அதுவரை யாருமே கேட்காத கேள்விகளைக் கேட்டார். "பல்லு புடுங்கினப்போ எவ்வளவு நேரம் ரத்தம் வந்துச்சு? மூக்குல ரத்தம் வருமா? அடிபடாமலே உடம்புல கன்னிப்போன மாதிரி நீலமா வருமா? அம்மாவுக்கு எப்படி? பாட்டிக்கு எப்படி?"

கட்டிலருகே தரையில் உட்கார்ந்திருந்த ஆச்சி சட்டென்று சொன்னாள்: "எங்க வீட்டுப் பொம்பளைங்க எல்லாத்துக்கும் அப்படித்தான் டாக்டரம்மா. இதுல கேக்க என்ன இருக்கு?"

டாக்டர் நின்றுவிட்டார். ஒரு ஸ்டூலை இழுத்துப்போட்டு ஆச்சிக்கு எதிரே உட்கார்ந்தார். கேஸ் ஷீட்டின் பின்பக்கத்தைத் திருப்பி, வட்டமும் கட்டமுமாக எங்கள் குடும்ப மரத்தை வரைய ஆரம்பித்தார். வட்டம் என்றால் பெண், கட்டம் என்றால் ஆண். அதில் ஒரு வட்டம் நான். என் வட்டத்துக்குள் அவர் ஒரு கேள்விக்குறி போட்டதைப் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

"வான் வில்லிபிராண்ட் நோயா இருக்கலாம். டெஸ்ட் அனுப்புறேன்" என்றார்.

அந்தப் பெயரை அன்றுதான் முதன்முதலில் கேள்விப்பட்டேன். மருத்துவமனை வராந்தாவில் உட்கார்ந்து மொபைலில் தேடத் தொடங்கினேன். அடுத்த சில வாரங்களுக்கு அந்த மனிதரை விடாமல் படித்தேன்.

வண்ணத்துப்பூச்சி பிடித்த பையன்

எரிக் வான் வில்லிபிராண்ட் 1870 பிப்ரவரி 1 அன்று பின்லாந்தின் வாசா நகரத்தில் பிறந்தவர். அப்பா பொறியாளர். சிறுவயதில் செடிகொடிகளையும் வண்ணத்துப்பூச்சிகளையும் தேடித் தேடிச் சேகரித்த பையன். ஹெல்சிங்கியில் மருத்துவம் படித்தார். மாணவராக இருந்தபோதே கோடை விடுமுறைகளில் ஓலாந்து தீவுகளில் உள்ள ஓர் ஆரோக்கிய விடுதியில் உதவி மருத்துவராக வேலை பார்த்திருக்கிறார். பின்லாந்துக்கும் ஸ்வீடனுக்கும் நடுவே, பால்டிக் கடலில் சிதறிக்கிடக்கும் ஆயிரக்கணக்கான சின்னச் சின்னத் தீவுகள்தான் ஓலாந்து. பின்னாளில் தன் பெயரை உலகுக்குச் சொல்லப்போகும் இடம் அதுதான் என்று அந்த மாணவருக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

1896-ல் டாக்டர் ஆனார். 1899-ல் முனைவர் பட்டம் பெற்றார். உடலிலிருந்து ரத்தம் வெளியேறிய பிறகு, மிச்சமிருக்கும் ரத்தத்தில் என்னென்ன மாற்றங்கள் நடக்கின்றன என்பதுதான் அவருடைய ஆய்வு. அதன்பின் உடற்கூறியல், உடலியல் பாடங்கள் நடத்தினார். ஹெல்சிங்கியின் டீக்கனஸ் மருத்துவமனையில் பொது மருத்துவப் பிரிவின் தலைமைப் பொறுப்புக்கு வந்தார். பரபரப்பான கண்டுபிடிப்பு எதுவும் இல்லாமல் கால் நூற்றாண்டு ஓடிவிட்டது. பாடம், நோயாளிகள், மைக்ரோஸ்கோப். அவ்வளவுதான்.

1924-ல் அவருக்கு வயது 54. அந்த வருடம் ஓலாந்தின் ஃபோக்லோ தீவிலிருந்து ஐந்து வயதுச் சிறுமி ஒருத்தியை அவரிடம் அழைத்து வந்தார்கள். பெயர் யோர்டிஸ். மூக்கிலும் ஈறுகளிலும் அடிக்கடி ரத்தம் கசியும். சின்ன அடி பட்டாலும் உடம்பு நீலம் பாரிக்கும். மூன்று வயதில் உதட்டில் ஏற்பட்ட ஒரு காயம் கிட்டத்தட்ட உயிரையே எடுக்கப் பார்த்திருந்தது. அவள் கூடப் பிறந்தவர்களில் சிலர் ரத்தம் நிற்காமலேயே குழந்தைப் பருவத்தில் இறந்து போயிருந்தார்கள்.

அந்தக் காலத்தில் 'ரத்தம் நிற்காத நோய்' என்றால் டாக்டர்களுக்கு உடனே ஞாபகம் வருவது ஹீமோஃபிலியா. இங்கிலாந்து ராணி விக்டோரியாவின் வம்சத்தில் வந்த நோய். ஆண் பிள்ளைகளைத்தான் அது தாக்கும்; பெண்கள் அதைச் சுமந்து அடுத்த தலைமுறைக்குக் கடத்துவார்கள் என்பது பாடப்புத்தகம். பாடப்புத்தகப்படி பார்த்தால், யோர்டிஸுக்கு இந்த நோய் வரக் கூடாது.

'பாடப்புத்தகத்தில் இல்லை' என்று அவர் அந்தப் பெண் குழந்தையைத் திருப்பி அனுப்பவில்லை. அந்த இடம்தான் எனக்கு அவரை நெருக்கமாக்கியது.

66 பேரில் 23 பேர்

அவர் இரண்டு வேலைகள் செய்தார்.

முதல் வேலை, பரிசோதனை. தோலில் சின்னதாக ஒரு குத்து. கசியும் ரத்தத்தை வடிதாளில் ஒற்றி ஒற்றி எடுத்து, எத்தனை நிமிடத்தில் நிற்கிறது என்று பார்க்க வேண்டும். 1910-ல் அமெரிக்க மருத்துவர் வில்லியம் டியூக் பிரபலப்படுத்திய எளிய சோதனை அது. சாதாரணமாகச் சில நிமிடங்களில் நின்றுவிடும். இந்தக் குடும்பத்தில் அது நீண்டுகொண்டே போனது. ஆனால், ரத்தத்தைக் கண்ணாடிக் குழாயில் எடுத்து வைத்தால் வழக்கமான நேரத்தில் உறைந்தது. பிளேட்லெட் எண்ணிக்கையும் நார்மல். என் தங்கச்சியின் ரிப்போர்ட்டை அன்று யாரோ ஹெல்சிங்கியில் எழுதி வைத்தது போல இருந்தது எனக்கு.

இரண்டாவது வேலை, குடும்ப மரம். யோர்டிஸின் அப்பா வழி, அம்மா வழி என்று இரண்டு பக்கமும் சேர்த்து 66 பேரின் விவரங்களைத் திரட்டினார். அதில் 23 பேருக்கு ரத்தப்போக்கு பிரச்னை இருந்தது. அவர்களில் ஆண்களைவிடப் பெண்கள் அதிகம்.

1926-ல் இதைக் கட்டுரையாக எழுதினார். ஸ்வீடிஷ் மொழியில், பின்லாந்து மருத்துவ இதழ் ஒன்றில். 'பரம்பரையாக வரும் போலி ஹீமோஃபிலியா' என்பது அவர் வைத்த பெயர். ஹீமோஃபிலியா போலத் தோன்றும், ஆனால் அது இல்லை. ஆண், பெண் இருவருக்கும் வரும். பெற்றோரிடமிருந்து பிள்ளைகளுக்கு நேரடியாக வரும் என்று அதில் வரையறுத்தார். ஸ்வீடிஷ் மொழியில் இருந்ததால் வெளியுலகம் அதைப் பெரிதாகக் கவனிக்கவில்லை. 1931-ல் ஜெர்மன் மொழியில் எழுதிய பிறகுதான் மற்ற நாட்டு மருத்துவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

யோர்டிஸ் என்ன ஆனாள்?

இந்தக் கேள்விக்கான பதிலைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. 13 வயதில், தன்னுடைய நான்காவது மாதவிடாயின்போது, ரத்தம் நிற்காமல் அவள் இறந்து போனாள். அவள் நோய்க்குப் பெயர் வைத்தாகிவிட்டது. அவள் குடும்ப மரம் மருத்துவ இதழில் அச்சாகிவிட்டது. ஆனால், அவளைக் காப்பாற்ற மருந்து வந்திருக்கவில்லை.

கரை உடைந்தால் மணல் மூட்டை மட்டும் போதுமா?

சரி, உண்மையில் என்னதான் கோளாறு? தங்கச்சிக்குப் புரிகிற மாதிரி அந்த டாக்டர் சொன்ன விளக்கத்தையே இங்கே தருகிறேன்.

மழையில் குளத்துக் கரை உடைந்தால் ஊர் ஜனம் ஓடிவந்து மணல் மூட்டை போடும். ஆனால், வெறும் மூட்டையைத் தூக்கிப் போட்டால் வெள்ளம் அடித்துக்கொண்டு போய்விடும். அதனால்தான் முதலில் சவுக்குக் கம்புகளை ஊன்றுவார்கள். மூட்டைகள் அந்தக் கம்பில் சாய்ந்து நிற்கும். நம் ரத்தக்குழாயில் உடைப்பு ஏற்பட்டால் மணல் மூட்டையாக வருபவை பிளேட்லெட்டுகள். சவுக்குக் கம்பாக நிற்பது ஒரு புரதம். மூட்டை எத்தனை லட்சம் இருந்தாலும் கம்பு இல்லையென்றால் உடைப்பு அடைபடாது. கையில் மூட்டை எண்ணிக்கையை மட்டும் வைத்துக்கொண்டு, 'எல்லாம் நார்மல்' என்று சொன்னால் எப்படி?

இந்தக் கம்பை வான் வில்லிபிராண்ட் கண்டுபிடிக்கவில்லை. அவர் பிளேட்லெட்டின் செயல்பாட்டிலும் ரத்தக்குழாய்ச் சுவரிலும்தான் குறை இருக்கும் என்று நினைத்தார். ஜெர்மனியைச் சேர்ந்த ருடால்ஃப் யூர்கன்ஸுடன் சேர்ந்து அந்தத் திசையில் மேலும் ஆராய்ந்தார். 1949-ல், 79 வயதில் இறக்கும் வரை உண்மையான காரணம் அவருக்குத் தெரியாது.

விடை கிடைத்தது 1950-களின் பிற்பகுதியில், ஸ்வீடனில். இங்கா மேரி நில்சன், மார்கரேட்டா புளோம்பெக், அவர் கணவர் பிர்கர் புளோம்பெக் ஆகியோர் அடங்கிய குழு, ரத்தத்தின் திரவப் பகுதியான பிளாஸ்மாவிலிருந்து பிரித்தெடுத்த ஒரு பொருளை இந்த நோயாளிகளுக்குச் செலுத்தியது. ரத்தப்போக்கு நின்றது. அடுத்து ஒரு முக்கியமான சோதனை. அதே பொருளை ஹீமோஃபிலியா நோயாளியின் பிளாஸ்மாவிலிருந்து எடுத்துச் செலுத்தினார்கள். அப்போதும் வேலை செய்தது! அதாவது, ஹீமோஃபிலியா நோயாளியிடம் இருக்கும் ஏதோ ஒன்று இவர்களிடம் இல்லை. இரண்டும் வேறு வேறு நோய்கள் என்று வான் வில்லிபிராண்ட் 1926-ல் எழுதியது நிரூபணமானது. அந்தக் குழு ஓலாந்துக்கும் போய், யோர்டிஸின் உறவினர்களிடம் இருப்பது அதே குறைதான் என்று உறுதிசெய்தது. அந்தப் புரதத்துக்கு 'வான் வில்லிபிராண்ட் ஃபேக்டர்' என்று பெயர் நிலைத்தது.

1985-ல் அதற்கான மரபணு கண்டறியப்பட்டது. 1993-ல் ஓலாந்து குடும்பத்தின் மரபணுவை ஆராய்ந்த ஸ்வீடன் ஆய்வாளர்கள், அதில் ஒரே ஓர் எழுத்து விடுபட்டிருப்பதைக் கண்டார்கள். நீண்ட புத்தகத்தில் ஓர் எழுத்து! அதற்காகத்தான் அந்தத் தீவில் அத்தனை பேர் இறந்திருந்தார்கள்.

காரணம் என்று அவர் நினைத்தது தவறு. ஆனால், யாருக்கெல்லாம் இருக்கிறது, எப்படி வருகிறது என்று அவர் கேட்டு எழுதிய கணக்கு சரி. அந்தக் கணக்கு சரியாக இருந்ததால்தான் அடுத்த தலைமுறை ஆய்வாளர்களுக்குப் போக வேண்டிய தீவு எது, பார்க்க வேண்டிய குடும்பம் எது என்று தெரிந்தது.

ஆச்சி திறந்த பெட்டி

தங்கச்சியின் ரிசல்ட் வந்தது. அவளுக்கு அந்த ஃபேக்டர் குறைவு. மூன்று வகைகளில் முதலாவது, பெரும்பாலானவர்களுக்கு இருக்கும் மிதமான வகை.

அதற்குப் பிறகு ஆச்சி பேசினாள். நாங்கள் யாரும் கேட்டிராத கதைகள். ஒவ்வொரு பிரசவத்துக்குப் பிறகும் ஒன்றரை மாதம் எழுந்திருக்க முடியாமல் கிடந்தது. 'கண்ணு பட்டுருச்சு' என்று மந்திரித்துக் கயிறு கட்டியது. ஆச்சியின் தங்கை, தலைப்பிரசவம் முடிந்த அன்றே போய்ச் சேர்ந்தது. "அவளுக்கு மட்டும் நிக்கவே இல்ல. பாய் மாத்தி பாய் மாத்தி ஓஞ்சு போனோம். விடியக்கால போயிட்டா" என்று சொல்லிவிட்டு, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அறுபது வருடத்துக்கு முந்தைய அழுகை அது.

அடுத்து பரிசோதனை செய்துகொண்டவர் என் அம்மா. அவருக்கும் குறைவு. 42 வயதில் அம்மாவுக்குக் கர்ப்பப்பையை எடுத்துவிட்டார்கள். பல வருட அதிக ரத்தப்போக்கு. "கட்டி எதுவும் இல்ல, ஆனா எடுத்துட்டா நிம்மதி" என்று சொல்லி எடுத்தது. ரத்தம் உறைவதில் குறை இருக்கிறதா என்று அப்போது யாரும் பார்க்கவில்லை. ஆபரேஷனுக்குப் பிறகு தையலில் ரத்தம் கசிந்து கூடுதலாக ஒரு வாரம் அம்மா ஆஸ்பத்திரியில் இருந்ததை, நான் எட்டாவது படித்த வருடம் என்று மட்டும்தான் நினைவு வைத்திருந்தேன். கர்ப்பப்பை எடுத்த எல்லாருக்கும் இந்த நோய் என்று அர்த்தமில்லை. ஃபைப்ராய்டு, ஹார்மோன் என்று எத்தனையோ காரணங்கள் உண்டு. ஆனால், அம்மா ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு, "முன்னாடியே தெரிஞ்சிருந்தா?" என்று ஒரே ஒரு முறை கேட்டார். அதற்கு யாரிடமும் பதில் இல்லை.

எனக்கு? என் வட்டத்தில் இருந்த கேள்விக்குறிக்கு விடை வந்துவிட்டது. அளவு நார்மல். நிம்மதியாக இருந்ததா என்று கேட்டால், இருந்தது. கூடவே, ஒரே ஆச்சியின் பேத்திகளில் அவளுக்கு வந்தது எனக்கு வராமல் போனதற்குக் காரணம், காசைச் சுண்டிப் போடுவது போன்ற ஒரு தற்செயல்தான் என்பதும் உறுத்தியது.

'அப்படித்தான்' என்று யாராவது சொன்னால்...

இந்த நோயின் மரபணு 12-வது குரோமோசோமில் இருக்கிறது. அதனால் ஆண், பெண் இருபாலருக்கும் சம வாய்ப்பு. ஆனால், மாதாமாதம் ரத்தப்போக்கைச் சந்திப்பதும் பிரசவத்தைச் சந்திப்பதும் பெண்கள்தான் என்பதால், பாதிப்பு அவர்களிடம்தான் அதிகம் வெளிப்படும். தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி (2019-21) நம் நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவிகிதம் பேருக்கு ரத்தசோகை. இதற்கு உணவுக்குறைபாடு பெரிய காரணம். ஆனால், சத்து உள்ளே போகாததை மட்டும் பார்த்து, ரத்தம் வெளியே போவதைக் கேட்காமல் விட்டால் மாத்திரை மட்டும் என்ன செய்யும்?

மூன்றாவது வகை கடுமையானது. யோர்டிஸுக்கு இருந்தது அதுதான். அப்பா, அம்மா இருவரிடமிருந்தும் பழுதான மரபணு வந்தால் இது ஏற்படும். சொந்தத்தில் திருமணம் செய்யும் வழக்கம் உள்ள நம் ஊர்களில் இதைக் கவனிக்க வேண்டிய அவசியம் கூடுதலாகவே இருக்கிறது.

டாக்டர் எங்களுக்குச் சொன்ன அறிகுறிகளை அப்படியே தருகிறேன். பீரியட்ஸ் ஏழு நாள்களுக்கு மேல் நீடிப்பது, ஒன்று அல்லது இரண்டு மணி நேரத்துக்குள் ஒரு நாப்கின் முழுக்க நனைவது, பெரிய நாணயம் அளவுக்குக் கட்டிகளாக வெளியேறுவது. மூக்கில் ரத்தம் வந்தால் பத்து நிமிடம் அழுத்திப் பிடித்தும் நிற்காமல் இருப்பது. பல் பிடுங்கிய பிறகோ, சின்ன ஆபரேஷனுக்குப் பிறகோ, பிரசவத்துக்குப் பிறகோ அளவுக்கு மீறிய ரத்தப்போக்கு. காரணமில்லாமல் உடம்பில் கன்னிப்போன தடங்கள். இவற்றில் ஒன்றுக்கு மேல் இருந்து, குடும்பத்திலும் வேறு யாருக்காவது இருந்தால், 'ரத்தம் உறைதல் தொடர்பான டெஸ்ட் எடுக்கலாமா?' என்று டாக்டரிடம் நீங்களே கேட்கலாம். தயங்க வேண்டாம்.

இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். இந்த ஃபேக்டரின் அளவு ஒரே மாதிரி இருக்காது. காய்ச்சல், மன அழுத்தம், கர்ப்பம் ஆகியவற்றின்போது ஏறும். 'ஓ' குரூப் ரத்தக்காரர்களுக்கு இயல்பிலேயே மற்றவர்களைவிடக் குறைவாக இருக்கும். அதனால், ஒரு முறை நார்மல் என்று வந்தாலும், சந்தேகம் இருந்தால் மறுபடியும் எடுக்கச் சொல்வார்கள்.

சிகிச்சை இருக்கிறது என்பதுதான் இந்தக் கதையின் நல்ல பகுதி. ஜப்பானில் உடாகோ ஒகமோடோ என்ற பெண் ஆராய்ச்சியாளரும் அவர் கணவரும் சேர்ந்து 1960-களின் தொடக்கத்தில் உருவாக்கிய டிரனெக்ஸாமிக் ஆசிட், உறைந்த ரத்தம் சீக்கிரம் கரைந்துவிடாமல் பாதுகாக்கும். பிரசவத்தில் ரத்தம் கொட்டி இறக்கும் பெண்களைக் காப்பாற்ற வேண்டும் என்பதுதான் அவர் ஆய்வின் நோக்கம். டெஸ்மோபிரெசின் என்ற மருந்து, ரத்தக்குழாய்ச் சுவருக்குள் சேமிப்பில் இருக்கும் ஃபேக்டரை வெளியே கொண்டுவரும். 1977-ல் இத்தாலி மருத்துவர் மன்னுச்சியின் குழு இதைக் காட்டியது. கடுமையான பாதிப்பு உள்ளவர்களுக்கு அந்த ஃபேக்டரையே ஊசி மூலம் செலுத்துகிறார்கள். எது, எவ்வளவு, எப்போது என்பதை டாக்டர்தான் முடிவுசெய்ய வேண்டும். இந்தக் குறை உள்ளவர்கள் தலைவலி, உடம்புவலிக்கு ஆஸ்பிரின், ஐபுபுரோஃபென் போன்றவற்றை மெடிக்கல் ஷாப்பில் தாமாக வாங்கிப் போடவே கூடாது. அவை பிளேட்லெட்டின் வேலையை மேலும் முடக்கும்.

தங்கச்சி இப்போது கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. பீரியட்ஸ் நாள்களில் மாத்திரை. பர்ஸில் தன் நோயின் பெயரும் ரத்த குரூப்பும் எழுதிய அட்டை. ஹீமோகுளோபின் 11.9. என்.சி.சி-யில் சேர்ந்திருக்கிறாள். போன மாதம் கேம்ப்பிலிருந்து போட்டோ அனுப்பினாள். வெயிலில் கறுத்துப்போயிருந்தாள்.

வான் வில்லிபிராண்ட் ஒரு மருந்துகூடக் கண்டுபிடிக்கவில்லை. காரணத்தையும் சரியாகச் சொல்லவில்லை. ஆனாலும், உலகம் முழுக்க இந்த நோய் அவர் பெயரால் அழைக்கப்படுகிறது. ஏன் என்று யோசித்தால் எனக்கு ஒரு பதில்தான் கிடைக்கிறது. 'எங்க குடும்பத்துல எல்லாருக்கும் அப்படித்தான்' என்ற வாக்கியம் பெரும்பாலான இடங்களில் பேச்சை முடித்துவைக்கும். அவர் அதிலிருந்துதான் பேச்சையே ஆரம்பித்தார்.

நீங்களும் ஆரம்பிக்கலாம். இந்த ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பாடு முடிந்து பாட்டியோ, அம்மாவோ, பெரியம்மாவோ ஓய்வாக உட்காரும்போது பக்கத்தில் போய் உட்காருங்கள். 'உங்களுக்கு எப்படி இருந்துச்சு? உங்க அம்மாவுக்கு? உங்க அக்கா தங்கச்சிக்கு?' என்று கேளுங்கள். ஆண் பிள்ளைகளும் கேட்கலாம். ஒரு காகிதமும் பேனாவும் போதும். வட்டம், கட்டம் போட்டு எழுதி வையுங்கள். அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது அந்தக் காகிதத்தையும் எடுத்துச் செல்லுங்கள்.